மொதப் பக்கத்துப் படம்

இல்லம்மா, இதுவும் வேணாம். மூடிடு. எழுத்து நல்லாத்தான் இருக்குது, குண்டு குண்டா, புள்ளைங்க அது மேலயே பென்சில் வச்சு எழுதற மாதிரி புள்ளி வச்சுப் போட்டிருக்காங்க. ஆனா அந்தப் படம் வேணாம். மொதப் பக்கத்துல இருக்குதுல்ல, அந்தப் படம். அது இல்லாம வேற எதுனா இருக்குதான்னு பாரேன்.

உனக்குத் தொந்தரவுதான், தெரியுது. என்னா பண்றது, எனக்கு இந்தப் பொட்டியத் தொடத் தெரியாது. மவுஸப் புடிச்சா அது ஒரு பக்கம் ஓடுது, நான் ஒரு பக்கம் ஓடறேன். அதான் நீயே ஒக்காந்து தேடிக் குடுன்னு கேட்டேன். மத்த கேபின்ல எல்லாம் பசங்க அவங்க பாட்டுக்குத் தட்டிக்கிட்டு இருக்காங்க, எனக்கு மட்டும் கடக்காரியே வேல செய்ய வேண்டியிருக்குது. பேரு என்னா உனக்கு? மாலாவா. நல்ல பேரு.

மூச்சு வாங்கறது இந்த மாடிப்படியாலதான். ஒரு காலு எனக்குக் கொஞ்சம் இழுவ. சின்ன வயசுல ஜொரம் வந்து விட்டுட்டுப் போனது. நடக்கறதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல, படிதான் ஆகாது. எங்க பக்கத்துலயும் பிரௌசிங் சென்டர் இருக்குது, தரையிலயே. ஆனா அங்க போனா, நான் உள்ள நொழையறதுக்கு முன்னாடியே, இவ எதுக்கு வந்தான்னு குப்பம் பூரா சேதி போயிடும். லாஸ்பேட்டன்னா காலேஜ் பசங்க, ஆபீஸ்காரங்க. ஒருத்தர ஒருத்தர் கண்டுக்க மாட்டீங்க. அதான் பஸ் ஏறி வந்தேன்.

டீச்சரான்னா... ம். டீச்சரா இருந்தேன். முதலியார்பேட்டைல ஒரு நர்சரி ஸ்கூலு. ஒரு மதாம் நடத்தினாங்க. அவங்க வூட்டுக்காரரு பிரான்ஸ் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவரு. அவரு போனப்பறம் அந்தம்மா வூட்டு முன்பக்கத்தயே ஸ்கூலா ஆக்கிட்டாங்க. புள்ளைங்க கத்தினா அலோர், அலோர்னு பிரெஞ்சுல சொல்லிக் கைதட்டிக்கிட்டே வருவாங்க. புள்ளைங்களும் திருப்பி அலோர்னு கத்தும். அந்த சத்தத்துல ஒக்காந்துதான் நான் அத்தன புள்ளைங்களுக்கும் எழுத்து சொல்லிக் குடுத்தேன். மணல்ல எழுத வைப்பேன். புளியங்கொட்டய எழுத்து மேல அடுக்க வைப்பேன். ரொம்பப் பேசாத புள்ளையா இருந்தா, முதுகுல வெரலால எழுதி, என்னா எழுத்து சொல்லு பாப்போம்னு கேப்பேன். கூசும்ல, சிரிச்சுக்கிட்டே சொல்லிடும். எந்தப் புள்ளையும் எனக்குப் படியாம போனதில்ல.

இந்தப் பொண்ணுகிட்டதான் ஒண்ணும் பலிக்கல.

யாருன்னா, எங்க தெருப் பொண்ணு. ஆதிலட்சுமி. ரெண்டாவது படிக்குது. படிக்கத் தெரியலன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. அரப்பரீட்சையில தமிழ் பேப்பர வெள்ளையாவே குடுத்துட்டு வந்துடுச்சு. புஸ்தகத்தத் தொறந்தா மொதப் பக்கத்தத் தாண்டறதில்ல. எழுப்பி நிக்க வச்சுப் படின்னா வாயத் தொறக்கறதில்ல. திங்கக்கெழம பெரிய டீச்சர் முன்னாடி ஒரு பக்கமாவது படிச்சுக் காட்டணும்னு சொல்லியிருக்காங்க. எந்தப் புஸ்தகமா இருந்தாலும் சரி, ஒரு பக்கம் போதும்னாங்க. நல்லவங்கதான். ஆனா காட்டலன்னா ஒண்ணாவதுல எறக்கிடுவாங்க.

எறக்கினாக் கூட எனக்குப் பரவால்ல. அவங்க ஆயா, அப்பாவப் பெத்தது, என்னா சொல்லுதுன்னா, இது இங்க இருந்தா உருப்படாது, ஹாஸ்டல்ல போட்டுடலாம்னு சொல்லுது. அலையில போனவங்க புள்ளைங்களுக்குன்னே கடலூர் தாண்டி ஒரு எடம் இருக்குதாம். சோறு, துணி, படிப்பு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம். ஒண்ணாவதுல எறக்கினா அங்கதான்னு முடிவு பண்ணிட்டாங்க. அவங்க அப்பாவும் தலய ஆட்டிட்டாரு. ஏழு வயசுப் புள்ளம்மா. ஒரு பக்கம் படிக்கலன்னா பொட்டியக் கட்டணும்.

ஆமாம், சுனாமிதான். அம்மாக்காரி கரையில மீன் எடுக்கப் போயிருந்தா. புள்ள வூட்ல பாயில தூங்கிக்கிட்டு இருந்துது. நான் அப்ப அங்க இல்ல, எல்லாம் கேள்விப்பட்டதுதான். சரி, அத வுடு. நீ தேடு.

இங்கிலீஷ் வேணாம். அதுல எவ்ளோ கெடக்குது பாரு, மழ மாதிரி. ஆப்பிள், பந்து, பூன, நாயி. பாட்டு வேற பாடுது. கோடு போட்டது, கட்டம் போட்டது, வண்ணம் அடிக்கறது. நமக்குத்தான் ஒண்ணு ஒண்ணாத் தோண்டி எடுக்க வேண்டியிருக்குது. தமிழ்னு போட்டுத் தட்டு. தமிழ் எழுத்து, சின்னப் பசங்களுக்குன்னு.

என்னா இது, கட்டம் கட்டமா வருது? ஒரு எழுத்தும் காணோம். எலி கடிச்ச மாதிரி இருக்குது. ஓ, தமிழ் எழுத்துக்கான பாண்ட் இல்லியா. எறக்கணுமா? எறக்கு, நான் இருக்கேன். அப்ப எழுத்தெல்லாம் உள்ள இருக்குது, நம்ம பொட்டிக்குத்தான் அத காட்டத் தெரியலன்ற. சரிதான். அந்தப் பொண்ணும் அப்படித்தான். எல்லாம் உள்ள இருக்குது. பாக்கறவங்களுக்குக் கட்டம் கட்டமாத் தெரியுது.

நெசமாத்தான் சொல்றேன். அதுக்குப் படிக்கத் தெரியும். நான் கண்ணால பாத்தேன். பொங்கலுக்கு முன்னாடி ஒரு நாளு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அதயும் கூட இட்டுக்கிட்டுப் போனேன், வூட்ல விட்டுட்டுப் போக ஆளு இல்ல. பூ வாங்கினோம், கெழங்கு வாங்கினோம். திரும்பி வர பஸ்ஸுக்கு நிக்கறோம். தூரத்துல ஒரு பஸ் வருது. எனக்குக் கண்ணு அவ்ளோ தூரம் எட்டாது. எதேச்சையாக் கீழ குனிஞ்சு பாக்கறேன், இது ஒதட்ட அசைக்குது. சத்தம் இல்ல. ஒதடு மட்டும். மு, த, லி, யார், பேட், டை. அவ்ளோ நீட்டுப் பேரு. பஸ் கிட்ட வந்தப்பறம் பாத்தா, ஆமாம், முதலியார்பேட்டதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஆனா நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா நத்த மாதிரி உள்ள போயிடும்.

எறங்கிடுச்சா பாண்டு? தோ, எழுத்து வந்துடுச்சு. நல்லா இருக்குது. படம் வருதா? இது ஏன் இப்படி மேலேருந்து கொஞ்சம் கொஞ்சமா வருது, திரையக் கீழ எறக்கற மாதிரி. மொதல்ல தலமுடி. கொண்ட. கொண்டையில பூவு. வேணாம், நிறுத்திடு. கொண்டயப் பாத்தாலே தெரிஞ்சிடுச்சு, அம்மாதான்.

அதான்மா சொல்றேன். அ போட்டா அம்மா இல்லாம ஒரு பக்கம் வேணும். அணிலு, அரிசி, அடுப்பு, எதுனா போட்டிருக்கட்டும். அம்மா மட்டும் வேணாம்.

அடுத்தது பாரு. இது எந்த ஊர்க்காரங்க போட்டது? அமெரிக்காவா. அங்க போயும் புள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்கறாங்க பாரு, நல்லா இருக்கட்டும். இந்த அம்மா கால்சட்ட போட்டிருக்கா. பின்னாடி வெள்ளையா இருக்கறது என்னா, பனியா? சரி, பேண்ட்டு போட்டாலும் அம்மா அம்மாதான். மூடு.

இது? ஆ, இதுல அம்மா இல்ல. வரட்டும், வரட்டும். நீல நெறமா வருது. வானமா? அ போட்டு என்னா எழுதியிருக்குது கீழ...

மூடு. மூடிடும்மா அத.

அலன்னு போட்டு கடலு படம் போட்டிருக்காங்க. அழகாத்தான் வரஞ்சிருக்காங்க, நுர எல்லாம் வச்சு. அவங்கள ஒண்ணும் சொல்லக் கூடாது. அவங்க எந்த ஊர்ல ஒக்காந்து வரஞ்சாங்களோ. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடேன்.

ம். போதும். நல்ல தண்ணியா இருக்குது, எங்க பக்கம் உப்பு.

தோ, அணிலு. அணிலே வந்துடுச்சு பாரு. வால தூக்கிக்கிட்டு. இது நல்லா இருக்குது மாலா. ஆ ஆடு, இ இல, ஈ... எல்லாம் சரியா இருக்குது. அடுத்த பக்கம் காட்டு. படிக்கறதுக்கு வரி இருக்கும்ல, எழுத்து மட்டும் காட்டினா டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க, வரி படிக்கணும்.

அம்மா தோசை சுட்டாள்.

அடுத்தது? அம்மா பூ கட்டினாள். சரி, அதுக்கு அடுத்தது. அப்பா பேப்பர் படித்தார். அவரு எப்பவும் பேப்பர்தான் படிப்பாரு. அதுக்கு அடுத்தது அம்மா தண்ணி கொண்டு வந்தாள். அம்மா கோலம் போட்டாள். அம்மா அழைத்தாள். பாரு, அணில வாசல்ல நிக்க வச்சுட்டு உள்ள பூரா அம்மாவ ஒக்கார வச்சிருக்காங்க. எங்கேருந்துதான் ஓடறது. ஒரு பாடத்துல இருந்து ஓடினா அடுத்த பாடத்துல வந்து நிக்கறா. நானும் அத்தன வருஷம் இதத்தான் சொல்லிக் குடுத்தேன், ஒரு நாளு கூட இவ்ளோ அம்மா இருக்கான்னு கண்ணுல படல.

கரண்டு போயிடுச்சா? கீ கீன்னு கத்துது. யூபிஎஸ் எவ்ளோ நேரம் தாங்கும்? சரி, அந்த அணில் பக்கத்த சேத்து வச்சுடு, போயிடப் போவுது. பேரு வைக்கணுமா? புள்ள பேரயே வையி. இனிஷியல் க. அவங்க அப்பா பேரா? அது எதுக்கு உனக்கு, இனிஷியல் போதும்.

பேன் நின்னதும் புழுங்குது இல்ல. பசங்கள்லாம் எழுந்து போறாங்க பாரு. கரண்டு வந்துடும், வெய்யக் காலமா இது, கொஞ்ச நேரத்துல வந்துடும்.

கேக்கறன்னு சொல்றேன். அன்னிக்கு மார்க்கெட்டுலேருந்து வந்தப்பறம், புஸ்தகத்த அது முன்னாடி வச்சுட்டு, நான் பாட்டுக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு ஓரக்கண்ணால பாத்தேன். தொறக்குது. மொதப் பக்கம் வருது. ஒடனே அந்தப் படத்து மேல கைய வச்சு மூடுது. உள்ளங்கையால, பூரா மூடிடுது. மூடிக்கிட்டு கீழ இருக்கற எழுத்தப் பாக்குது, பாக்குது, பாத்துக்கிட்டே இருக்குது. அப்பறம் புஸ்தகத்த மூடி தள்ளி வச்சுடுது. ஸ்கூல்லயும் அதத்தான் பண்ணியிருக்குது. தெரியாததால மறைக்குதுன்னு கிளாஸ் மிஸ் நெனச்சுக்கிச்சு. கைய எடு, கைய எடுன்னு ஸ்கேலால ஒண்ணு வச்சிருக்குது. அடிச்சா எடுக்குமா. இன்னும் அழுத்தித்தான் வைக்கும்.

எங்க மதாம் சொல்வாங்க, புள்ளைங்க எழுத்துக்கு முன்னாடி படத்தப் படிச்சிடும்னு. நான் அத பாடம் நடத்தற வித்தன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

செத்துப்போன அம்மா ஞாபகம் வருதுன்றியா? நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். அது இல்ல. அவங்க அப்பா போன வருஷம் ரெண்டாவதா ஒருத்தியக் கட்டினாரு. ஆம்பள கடலுக்குப் போனா வூட்ல பொட்டப்புள்ளயப் பாக்க ஆளு வேணும், ஆயாவுக்கும் முடியல. சொந்தக்காரங்க ஒக்காந்து பேசி முடிச்சாங்க. தாலி கட்டி முடிஞ்சதும் புள்ளயத் தள்ளிக்கிட்டு வந்து முன்னாடி நிக்க வச்சு, தோ அம்மா வந்துட்டா பாரு, அம்மான்னு கூப்புடுன்னாங்க. சுத்தி நாலு பேரு. கூப்புடுறி, வாயில என்னா கொழுக்கட்டையா, கூப்புடு. அது தரையப் பாத்துக்கிட்டு நிக்குது. அதோட வுடல. ஸ்கூல் புஸ்தகத்துல அம்மா படம் இருக்குதுல்ல, செவப்புச் சேல கட்டி, இடுப்புல கொழந்தயோட. புதுசா வந்தவ கல்யாணத்துக்குக் கட்டினதும் செவப்புச் சேலதான். ஆயா என்னா பண்ணுச்சுன்னா, தெனமும் அந்தப் படத்து மேல வெரல வச்சு, இது யாருன்னு கேக்கறது, அப்பறம் அந்த வெரல அப்படியே திருப்பி புதுசா வந்தவ பக்கம் நீட்டி, அப்ப அது யாருன்னு கேக்கறது. பாடம் மாதிரி. காலையில ஒரு வாட்டி, விளக்கு வச்சப்பறம் ஒரு வாட்டி. நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. புள்ள ஒட்டணும்னுதான்.

அதுலேருந்துதான் அந்தக் கை.

இன்னொண்ணும் நடந்துது. எங்க ஆளுங்க கிட்ட ஒரு பழக்கம். ரெண்டாவதா ஒருத்தியக் கொண்டாந்தா, மொதல்ல இருந்தவ படத்த வூட்ல வச்சிருக்க மாட்டாங்க. வர்றவளுக்கு ஆகாது, போனவ நின்னு பாத்துக்கிட்டே இருப்பா, குடும்பம் நடக்காதுன்னு சொல்வாங்க. அலையில எல்லாம் போனப்பறம் யாரோ சொந்தக்காரங்க கல்யாணப் படத்துலேருந்து அவ முகத்த மட்டும் பெருசு பண்ணி, சட்டம் போட்டு, புது வூட்ல மாட்டியிருந்தாங்க. கல்யாணத்துக்கு மொத நாளு காலையில, அத மாலையோட எடுத்துக்கிட்டுப் போயி கடல்ல வுட்டுட்டாங்க. புள்ளயும் கூடப் போச்சாம். கைய கட்டிக்கிட்டு நின்னு பாத்துச்சாம். ஒரு வாட்டி போனவள இன்னொரு வாட்டி அனுப்பி வச்ச மாதிரி. வர்றவ மனசு நோகக் கூடாதுன்னு செஞ்சது. வர்றவள யாரும் ஒரு வார்த்த கேக்கல.

செவுத்துல இப்ப ஆணி மட்டும் இருக்குது. அதச் சுத்தி சதுரமா கொஞ்ச எடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுப்பா. புதுசா வந்தவ வெவரம் தெரியாம அதுல காலண்டர மாட்டப் போயிருக்கா. இது வந்து ஆணிக்குக் கீழ நின்னுக்கிச்சு. சும்மா நின்னுச்சு. அவ காலண்டர எடுத்துக்கிட்டுப் போயி அடுப்பங்கரையில மாட்டிட்டா.

அந்த சித்திக்காரி எப்படின்னு கேக்கற. கேப்பன்னு தெரியும். எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. சித்தின்னு சொன்னாலே கையில கரண்டியக் காய வச்சுக்கிட்டு நிக்கற மாதிரி எல்லாருக்கும் ஒரு நெனப்பு. அப்படியெல்லாம் இல்லம்மா. சோறு போடறா. துணி தொவைக்கறா. தல பின்னி வுடறா, சிக்கு எடுக்கறப்ப வலிக்குமோன்னு அடிமுடியப் புடிச்சுக்கிட்டு வாரறா. புள்ளயும் அடம் புடிக்காது, ஒக்காந்துக்கும். ஆனா கூப்புடாது. அம்மான்னு இல்ல, சித்தின்னு இல்ல, ஏய்னு கூட இல்ல. எதுனா வேணும்னா பக்கத்துல வந்து நின்னுக்கும். தண்ணி வேணும்னா கொடத்துக்கிட்ட நிக்கும், பசிச்சா அடுப்புக்கிட்ட நிக்கும். அவளாத் திரும்பிப் பாக்கற வரைக்கும் நிக்கும். இப்ப அவளுக்கு முதுகுலயே கண்ணு வந்துடுச்சு. அரிசி களைஞ்சுக்கிட்டு இருக்கறப்பவே தெரிஞ்சிடும், பின்னாடி வந்து நிக்குதுன்னு. ஹாஸ்டலுக்குப் போயிடுச்சுன்னா அங்க யாரு திரும்பிப் பாப்பா? அத்தன புள்ளைங்க நடுவுல இது யாரு பக்கத்துல போயி நிக்கும்?

நல்ல வேள, கரண்டு வந்துடுச்சு. பொட்டியப் போடு. அணிலு இருக்குதா? இருக்குதா, சரி.

மாலா, ஒண்ணு கேக்கறேன், முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. மொதல்ல ஒரு பக்கம் மூடச் சொன்னேன் பாரு, குண்டு எழுத்து, புள்ளி வச்சது. அத மறுபடியும் எடு. ஆமாம், அம்மா படம் போட்டதுதான். அந்தப் படத்த மட்டும் அழிச்சுட்டு அந்த எடத்துல வேற படம் வைக்க முடியுமா? கம்ப்யூட்டர்ல முடியும்தான? ஸ்கேனுன்னா என்னா? அந்த மூடி போட்ட மிசினா. போட்டா இருந்தா போதுமா.

இருக்குது. பையில வச்சிருக்கேன். காலையிலேருந்து வச்சிருக்கேன். அணிலு கெடைச்சா இத எடுக்க வேணாம்னு நெனச்சேன். அணிலால ஆகாது போல இருக்குது. கைய வச்சு மூடற புள்ள கிட்டேருந்து படத்தப் பிடுங்கிட்டா மட்டும் போதுமா? அது எந்தப் படத்தத் தேடுதோ அத வச்சுட்டுப் போனா என்னான்னு தோணுது.

பாத்து எடு, ஓரம் ஒடைஞ்சிருக்குது. நேத்து பெரிய காலாப்பட்டுக்குப் போயி வாங்கியாந்தேன், செத்துப்போனவளோட அம்மா வூட்லேருந்து. அந்தம்மா என்னப் பாத்ததும் கதவ சாத்திட்டாங்க. வாசல்லயே ஒக்காந்துட்டேன். காலு வேற வலி. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு சொம்பு மோரு கொண்டாந்து வச்சாங்க. குடிச்சுட்டு, புள்ள படிக்கறதுக்குத்தான் கேக்கறேன்னேன். உள்ள போயி இத எடுத்தாந்தாங்க. திருப்பிக் கொண்டாந்து குடுத்துடுன்னாங்க. அவங்க கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்.

ஏதோ கல்யாணத்துல எடுத்தது. மாப்புள, பொண்ணு எல்லாம் நடுவுல. நமக்கு இந்த ஓரம்தான் வேணும். தோ, இவ. இவள மட்டும்.

வருதா? மேலேருந்து வருது. தல. எண்ண வச்சுப் படிய வாரியிருக்கா. நெத்தி. கண்ணு. கொஞ்சம் பெருசு பண்ணு. இன்னும். இந்தக் கண்ண நான் இவ்ளோ கிட்டத்துல இப்பத்தான் பாக்கறேன். மூக்கு அப்படியே புள்ள மூக்குதான், ஆயா அத தன்னோட மூக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. செவப்புச் சேல இல்ல, பச்ச. இடுப்புல ஒக்காந்திருக்கறது ஆதிலட்சுமிதான். தலயில முடியே இல்ல பாரு. வாயில வெரல வச்சுக்கிட்டு நம்மளப் பாக்குது.

ஜெயசித்ரான்னு பேரு அவளுக்கு. நேர்ல பாத்து எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் மத்தவங்க சொல்லித்தான். ரொம்ப சிரிப்பாளாம்.

மத்தவங்கள வெட்டிடு. ஆமாம், அந்தக் குடுமிக்காரரையும். இந்தப் பக்கம் கொழந்த காலப் புடிச்சுக்கிட்டு ஒரு கை மட்டும் தெரியுதே, அது வேணாம்ன்றியா? கெடக்கட்டும். அத வெட்டினா கொழந்த காலும் போயிடும். அது அவங்க அப்பா கை. படத்துல தெரியல, ஆனா கட்ட வெரலுக்குக் கீழ தூண்டி முள்ளு கிழிச்ச தழும்பு ஒண்ணு இருக்கும். மழ வந்தா இன்னிக்கும் வலிக்குதும்பாரு, நான்தான் எண்ண காய்ச்சித் தடவுவேன்.

என்னா அப்படிப் பாக்கற.

ஆமாம். அந்தப் புதுசா வந்தவ நாந்தான். தோ, மூஞ்சி மாறுது பாரு உனக்கு. இதுக்குத்தான் மொதல்லயே சொல்லல, தெருப் பொண்ணுன்னேன். பொய்யும் இல்ல, ஒரே தெருதான், ஒரே வூடு.

படிக்குமான்னு கேட்டா தெரியாதும்மா. திங்கக்கெழமதான் தெரியும். கைய எடுத்தா போதும் எனக்கு. கைய எடுத்துடுச்சுன்னா வாய் தானாத் தொறக்கும்.

கீழ அம்மான்னு போட்டிருக்குதுல்ல, அத மாத்தாத. அப்படியே இருக்கட்டும். கலர்லயே எடு. ரெண்டு எடு. ஒண்ணு ஸ்கூலுக்கு. இன்னொண்ணுல எழுத்து வேணாம், அவள மட்டும் நல்லா பெருசா எடு. எங்க வூட்டு செவுத்துல அந்த ஆணி சும்மாதான் இருக்குது.